ஈரல் பார்க்கிறவர்கள்

மாமா முயலோடு வருகிறார் என்பதை எங்கள் வீட்டில் முதலில் ஜிம்மிதான் அறிவிக்கும். படலையடியில் அது சுற்றிச் சுற்றி ஓடினால் அம்மா அரிவாளைக் கழுவத் தொடங்கிவிடுவா.

முயல் என்றதும் கூண்டுக்குள் கரட் தின்கிற வெள்ளை முயல் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கட வன்னிக் காட்டில் இருப்பது அது இல்லை. இது மண்ணிறம், பின்கழுத்தில் கறுப்பு, காதும் காலும் நீளம். வளை தோண்டாது, புல்லுக்குள் ஒரு பள்ளம் போலச் செய்து அதில் படுத்திருக்கும். வளர்ப்பு முயலின் குட்டி கண் திறக்காமல் மயிரில்லாமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டி கண் திறந்து, மயிரோடு, பிறந்த கொஞ்ச நேரத்திலேயே ஓடத் தயாராக இருக்கும். அதன் வாழ்க்கையே ஓட்டம்தான். இந்த விசயம் பிறகு தேவைப்படும்.

2022 இல் நான் ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். மாமா மேசன் வேலை. சீமெந்து விலை ஏறி வீடு கட்டுறவை எல்லாம் நிப்பாட்டிவிட்டார்கள். கோழி கிலோ ஆயிரத்தைத் தாண்டியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. அந்த வருடம்தான் மாமா பழைய கம்பித் தடங்களைத் தூசி தட்டி எடுத்தார். பொடியளோடு சேர்ந்து இரவில் ரோச்லைற்றோடும் போனார். இது சட்டப் பிரச்சினை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் தோலையும் தலையையும் விடிய முதல் வளவுக்குப் பின்னால் தாட்டுவார். வேட்டை சரியா பிழையா என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வருடம் அந்த இறைச்சியைத் தின்றவள் நான். அதனால் அதை இப்போதைக்கு விடுகிறேன்.

துப்புரவாக்கும் வேலை அம்மாவுக்கும் எனக்கும். முதல் தடவை வயிற்றைப் பிளந்தபோது குடலைச் சுற்றிய மெல்லிய சவ்வில் அவித்த சவ்வரிசி போலப் பளபளவென்று சின்னச் சின்ன நீர்க்குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் கத்திவிட்டேன். மாமா எட்டிப் பார்த்து, "அது ஒண்டும் செய்யாது பிள்ளை, கொழுப்பு" என்று குடலை அப்படியே வழித்து ஜிம்மிக்கு எறிந்தார். ஜிம்மி இரண்டு வாயில் முடித்தது.

அது கொழுப்பு இல்லை. கம்பஸ் வந்த பிறகு, மிருக வைத்தியம் படிக்கிற என் பள்ளித் தோழியிடம் இதை விவரித்தேன். அவள் சிரித்துவிட்டு ஒரு வட்டம் கீறிக் காட்டினாள். அந்தக் குமிழ் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் அது நீளப் புழுவாக வளரும். முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே போகும். அந்தப் புல்லை முயல் மேயும். முட்டை பொரித்து, குஞ்சு ஈரலைத் துளைத்துக்கொண்டு போய் வயிற்றுக்குள் குமிழாகக் குந்தும். பிறகு மாமா. பிறகு ஜிம்மி. எங்கட முயலுக்கு அந்தப் புழுவைக் கொடுத்ததே எங்கட நாயாக இருக்கலாம்!

நல்ல காலம், அந்தப் புழு மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் அதன் சொந்தக்காரப் புழு ஒன்று முயலின் தோலுக்கடியிலும் தசையிலும் கோழிமுட்டை அளவுக்குக்கூட நீர்க்கட்டி போடும். நாயிடமிருந்து வரும் அதன் முட்டை வாய்க்குள் போய், அரிதாக மனிதருக்கும் கட்டி வந்திருக்கிறது. முயல் இறைச்சியை நன்றாக அவித்தால் பயமில்லை. பயம் நாயைத் தடவிய கையில்தான். என் தம்பி ஜிம்மியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பவன்.

ஆனால் நான் சொல்ல வந்தது குமிழைப் பற்றி இல்லை. அந்த வருடம் ஆடி மாதம் வந்த ஒரு முயலைப் பற்றி.

அன்று தடத்திலும் படவில்லை, நாயும் துரத்தவில்லை. ரோச் வெளிச்சத்தில் அப்படியே குந்தியிருந்ததாம், மாமா கையாலேயே தூக்கினாராம். பெரிய சந்தோசம் அவருக்கு. திண்ணையில் இருந்த அம்மம்மா மட்டும், "ஓடாத முயலை ஏன்டா தூக்கினனீ?" என்று கேட்டா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிளந்து பார்த்தால் ஈரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மண்ணீரல் வீங்கிப் போயிருந்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

அம்மம்மா ஈரலைக் கையில் வாங்கவே இல்லை. "தாட்டுவிடு" என்றா. மாமா, "ஈரலை எறிஞ்சுபோட்டு மிச்சத்தை வடிவா அவிச்சாச் சரி" என்றார். அம்மா இரண்டு பேரையும் பார்த்தா. அடுப்பில் வெறும் சோறும் சம்பலும். தம்பி கோப்பையோடு வந்து குந்திவிட்டான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று கிழமையாக வீட்டில் இறைச்சி இல்லை. நான் எதுவும் பேசாமல் அந்த முயலை உரைப்பையில் போட்டு, பின்வளவில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டேன், நாய் கிண்டாமல் மேலே கல்லும் வைத்தேன். திரும்பி வந்தபோது மாமா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கதைக்கவில்லை. தம்பி அழுத சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது. சரியாகச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிச்சயமும் இருக்கவில்லை.

ஈரலில் வெள்ளைப் புள்ளி பல காரணத்தால் வரும். புழுக் குஞ்சு துளைத்த தழும்பாக இருக்கலாம், ஒற்றைக்கல ஒட்டுண்ணியாக இருக்கலாம், பக்ரீரியாவாகவும் இருக்கலாம். வெறுங்கண்ணால் பிரிக்க முடியாது. முயல் காய்ச்சல் என்றே பெயர்பெற்ற துலரேமியா வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் பக்கம் காணப்படுகிற நோய். அதிலும் ஈரலும் மண்ணீரலும் இப்படித்தான் புள்ளி விழும். அது தின்பதால் மட்டும் வருவதில்லை, தோலுரிக்கிற கையின் சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். ஜப்பானில் 1920களில் ஹச்சிரோ ஓஹாரா என்ற வைத்தியர், செத்த முயலைத் தொட்டவர்களுக்குக் காய்ச்சலும் நெறிகட்டியும் வருவதைக் கவனித்தார். முயலிலிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்க, நோய்ப்பட்ட முயலின் இரத்தம் அவருடைய மனைவியின் கையில் பூசப்பட்டது. அவரே முன்வந்தாராம். அவருக்கும் நோய் வந்தது. நோயோடு கணவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இதை வாசித்த இரவு நான் என் கையைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கட பக்கத்துப் பயங்கள் வேறு. எலிக்காய்ச்சல் எல்லாருக்கும் தெரியும். உண்ணிகளாலும் பற்றைக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தெள்ளுப் பூச்சிகளாலும் வரும் காய்ச்சல்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. கடித்த இடத்தில் சில வேளை சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று வரும். காய்ச்சலோடு போனால் "காட்டுக்குப் போனனான்" என்று டொக்டரிடம் சொல்லவேண்டும், சொன்னால் மருந்து லேசு. வேட்டைக்குப் போனவன் சொல்லுவானா? முயல் செத்து உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகள் அதைவிட்டு இறங்கும். சாரத்தில் ஏறும்.

கடையில் வாங்குகிற மாட்டு இறைச்சிக்குப் பி.எச்.ஐ. இருக்கிறார், முத்திரை இருக்கிறது. களவாக வருகிற முயலை எந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவது? அதைப் பரிசோதிக்கிறது குசினியில் குந்தியிருக்கிற பெண்கள் மட்டும்தான். அம்மம்மா ஏழாம் வகுப்பு. இடம்பெயர்ந்த காலங்களில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று அவதான் பார்த்தா. ஓட்டமே வாழ்க்கையான ஒரு மிருகம் ஓடாமல் இருந்தால் அதுக்குள் ஏதோ நடக்குது என்று அவவுக்கு ஒரு புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன லீவுக்குப் போனபோது தோழி கீறிய வட்டத்தை மாமாவுக்கும் கீறிக் காட்டினேன். "ஆர்ட்ஸ் படிக்கப் போனவள் டொக்டரா வந்திருக்கிறாள்" என்று நக்கலடித்தார். ஜிம்மிக்குப் பூச்சிக் குளிசை வாங்கக் காசு கேட்டபோது மட்டும் பேசாமல் எடுத்துத் தந்தார். நான் கையுறை கேட்டேன், கிடைத்தது இரண்டு சொப்பிங் பை.

அடுத்த நாள் விடிய ஒரு முயல் வந்தது. மாமா வயிற்றைப் பிளந்துவிட்டு, ஈரலைத் தேக்கிலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இதை ஒருக்காப் பார்."

நல்ல சிவப்பு. ஒரு புள்ளியும் இல்லை. தலையாட்டினேன். அவர் குடலை அள்ளி, பழைய ரின்பால் பேணியில் போட்டு, தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தார். ஜிம்மிக்கு விளங்கவில்லை, பேணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. "நாய்க்கும் சமைச்சுப் போடுற காலம்" என்று புறுபுறுத்துக்கொண்டு விறகைத் தள்ளிவிட்டார். நாத்தம் வீடு முழுக்க. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்தமுறை வெளியில் கல்லு வைத்து அவிக்கச் சொன்னா.