ஆட்டு மேல உட்கார்ந்து ஒரு பணியாரம்

தார் எஸ் சலாம்ல தெருமுனை அம்மா கரியடுப்புல சுட்டுத் தர்ற விட்டும்புவாதான் தினமும் சாயாவுக்குத் துணை.
பார்த்தா அச்சு அசல் நம்ம குழிப்பணியாரம்.
நமக்குத் தெரியாததான்னு நேத்து வீட்டுலயே இறங்கிட்டேன்.

ராத்திரி முழுக்க ஊறின அரிசி, தேங்காய்ப்பால் விட்டு நைசா அரைச்சது.
சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் ஈஸ்ட்.
அவ்ளோதான்.
உளுந்து கிடையாது. வெந்தயம் கிடையாது.
கை மட்டும் பழக்கதோஷத்துல உளுந்து டப்பாவைத் தேடிக்கிட்டே இருந்துச்சு.

தேங்காய் துருவ இங்க ஒரு குட்டி மர ஸ்டூல். முன்னாடி பல்லு வச்ச இரும்பு நாக்கு நீட்டிக்கிட்டிருக்கும்.
பேரு 'ம்புஸி'.
சுவாஹிலில ஆடுன்னு அர்த்தம்!
ஆட்டு மேல ஏறி உட்கார்ந்து ஒரு முழுத் தேங்காய் துருவி, பால் பிழிஞ்சு முடிக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு.

மாவு என்னமோ அழகாத்தான் பொங்குச்சு.
நான்தான் அவசரத்துல அடுப்புத் தீயைக் கூட்டி வச்சுட்டேன்.
மேல கருப்பு, உள்ள பச்சை மாவு.
ஏழு குழியில ஒண்ணே ஒண்ணு தேறுச்சு.

ஒண்ணுன்னா 'கிட்டும்புவா', நிறைய இருந்தாத்தான் 'விட்டும்புவா'ன்னு சொல்லணுமாம்.
ஆக, இலக்கண சுத்தமா நான் சுட்டது ஒரு கிட்டும்புவா.

மிச்ச மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு.
யாருக்கும் தெரியாம ரெண்டு கரண்டி உளுந்து மாவைக் கலந்துட்டா, தெருமுனை அம்மா கண்டுபிடிச்சுடுவாங்களா?