வினை கடைசியில் வரும் கணக்கு

பள்ளியில் நான் கணக்குப் படித்தது பிரெஞ்சில். வாத்தியார் 'கூட்டு' என்பதை முதலில் சொல்லிவிட்டு எண்களைப் பிறகு சொல்வார். வீட்டில் அம்மா, 'இரண்டாயிரத்தையும் ஐந்நூறையும் கூட்டு, மூன்றால் பெருக்கு' என்பார். எண் முன்னால், வினை பின்னால். அம்மா சொன்ன வரிசையிலேயே கணக்குப் போடும் கணினிகள் உண்டு என்று ஓய்வு பெற்ற பிறகு படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்.

சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடிப்படை 2000, அகவிலைப்படி 500, மூன்று மாத நிலுவை. நாம் (2000+500)×3 என்று எழுதுவோம். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விடை 3500 ஆகிவிடும். அடுக்குமுறைக் கணினிக்கு அடைப்புக்குறியே தேவையில்லை. 2000 500 + 3 × என்று கொடுத்தால் போதும். 2000ஐ வைக்கும், அதன்மேல் 500ஐ வைக்கும். கூட்டல் குறி வந்ததும் மேலே உள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி 2500ஐ வைக்கும். அதன்மேல் 3. பெருக்கல் குறி வந்ததும் இரண்டையும் எடுத்துப் பெருக்கி 7500ஐ வைக்கும். எந்த எண்ணை எங்கே தேடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. மேலே இருப்பதை எடுக்க வேண்டியதுதான்.

அடைப்புக்குறி இல்லாமல் எழுதும் வழியை 1920களில் கண்டவர் போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் வுகாசேவிச். அவர் குறியை முன்னால் வைத்தார், என் வாத்தியாரைப் போல. பிறகு வந்தவர்கள் அதைப் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். 1961இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் அறிவித்த பி5000 கணினி இந்த அடுக்கை வைத்தே கட்டப்பட்டது. 1972இல் வந்த எச்பி-35 கைக்கணக்கியில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. இன்றைய சில்லுகள் பெரும்பாலும் வேறு வழிக்குப் போய்விட்டன. ஆனாலும் ஜாவா மொழியின் மெய்நிகர் இயந்திரம் இன்றும் அடுக்குமுறையில் அமைந்ததுதான்.

கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும் என்பது இதன் சட்டம். எங்கள் அலுவலக மேசைகளிலும் அதே சட்டம்தான் நடந்தது. அங்கே அடியில் கிடந்தது யாரோ ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பாக இருக்கும். புதிது வரவர அது இன்னும் கீழே போகும். கணினி அடுக்கில் அப்படி நடக்க முடியாது. கணக்கு முடியும்போது விடை ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். அடியில் ஓர் எண் தங்கிவிட்டாலும் கணக்கை எழுதியதில் பிழை என்று பொருள்.

அந்த ஒரு விதி எங்கள் மேசைகளுக்கும் இருந்திருந்தால், எத்தனை பேர் படியேறி அலையாமல் இருந்திருப்பார்கள்!