தூளிக்கு மேலே ஒரு தார்ப்பாய்

கீரமங்கலம் பக்கம் ஒரு பலாத் தோப்பு. கல்லூரி மாணவனான பேரன், ஆன்லைனில் வாங்கிய ஹேமக்கை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டு கைபேசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நண்பர்களோடு கொல்லிமலைக்குப் போய் ஒரு எஸ்டேட்டில் இரவு தங்கத் திட்டம். மழை வந்தால் மேலே தார்ப்பாய் வேண்டும். எந்த வடிவத்தில் வாங்குவது என்பதுதான் இரண்டு நாளாகக் குழப்பம்.

“என்னப்பா, பெரிய ஆளுக்குத் தூளியா?” என்று சிரித்தபடி வந்தார் அப்பாயி.

பேரன் விளக்கினான். ஹேமக் 11 அடி நீளம். பத்துக்குப் பத்து சதுரத் தார்ப்பாயை மூலைக்கு மூலை கட்டினால் 14 அடி கிடைக்கும், சுமையும் குறைவு. ஆனால், பக்கவாட்டில் இறங்குவது ஒரே ஒரு முனைதான். அறுகோணம் என்றால் பக்கத்துக்கு இரண்டு முனை. ஓரங்களை வளைவாக வெட்டியிருப்பதால் காற்றில் அதிகம் படபடக்காது. 12 அடிக்கு 10 அடி செவ்வகம் நல்ல மறைப்பு, ஆனால் கனம்.

“நீ சொல்றதெல்லாம் துணியைப் பத்தி. தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுதுன்னு பார்த்தியா?” என்று கேட்டார் அப்பாயி.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்து தென்னை, பலா, வாழை என்று சாய்த்துப் போட்டது. இந்த வீட்டில் ஓடெல்லாம் பறந்துவிட்டது. பேரனைத் திருச்சிக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதக் குழந்தையான அவன் தங்கை மட்டும் அம்மாவோடு இங்கேயே இருந்தாள். நுனி ஒடிந்து நின்ற பலா மரத்துக்கும் வாசல் தூணுக்கும் இடையே கயிறு இழுத்து, சேலையில் தூளி கட்டினார்கள். மேலே, நிவாரணத்தில் கிடைத்த தார்ப்பாயை நான்கு கம்புகளில் பந்தல் மாதிரி தட்டையாகக் கட்டினார்கள்.

“அன்னிக்கு ராத்திரி மழை. நடுவுல குளம் மாதிரி தண்ணி நின்னுச்சு. ஒரு பக்கம் கிழிஞ்சு அப்படியே கொட்டுச்சு. புள்ள தூளிக்குள்ள இருக்கு. உங்கம்மா அலறுன அலறல் இன்னும் காதுல இருக்கு.”

பத்துக்குப் பத்துத் தார்ப்பாயில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 236 லிட்டர். அதாவது 236 கிலோ பாரம்! நல்லவேளை, தண்ணீர் கால்மாட்டில் கொட்டியதால் குழந்தை தப்பித்தது.

மறுநாளே அப்பாயி முறையை மாற்றினார். நடுவே ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்து, அதன் மேல் தார்ப்பாயைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துப் போட்டார். வாடைக்காற்று வரும் பக்கத்தைத் தரையை ஒட்டி இறக்கினார், ஆள் புழங்கும் பக்கத்தைத் தூக்கி வைத்தார். மரத்திலிருந்து வழியும் தண்ணீர் தூளிக் கயிறு வழியாகவே வந்து சேலையை நனைத்தது. தார்ப்பாய்க்கு உள்ளே வரும் இடத்தில் கயிற்றில் ஒரு துணிக்கிழிசலைத் தொங்கவிட்டார். தண்ணீர் அங்கேயே சொட்டி நின்றுவிட்டது. ஹேமக் கட்டுகிறவர்களும் இன்று அதைத்தான் செய்கிறார்கள்.

பேரனுக்கு இவை எதுவும் தெரியாது. அவன் திரும்பி வந்தபோது கூரை வேய்ந்தாகிவிட்டது.

“அப்போ எதை வாங்கட்டும் அப்பாயி?”

“வெயில் காலம்னா எதையாவது வாங்கிக்க. ஐப்பசி மழையில போறே. ரெண்டு பக்கமும் நல்லா இறங்குறதா வாங்கு. கனம்னா தூக்கு, சாவவா போறே? தென்னை மரத்துல மட்டும் கட்டாதே, மட்டையோ காயோ தலையில விழும். இடி இடிச்சா மரத்தடியே வேணாம், வீட்டுக்குள்ள போயிரு.”

செவ்வகத்தையே ஆர்டர் செய்தான். வந்ததும் தோப்பில் கட்டிப் பார்த்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஓடிவந்து ஹேமக்கில் ஏறிப் படுத்துக்கொண்டாள். காற்று வீச, தார்ப்பாய் படபடவென்று அடித்தது. அப்பாயியின் முகம் மாறியது. கஜாவுக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே அவருக்குத் தூக்கம் வராது என்று அம்மா சொல்லித்தான் பேரனுக்குத் தெரிந்தது.

ஒன்றும் பேசாமல் நான்கு மூலைக் கயிறுகளையும் அவிழ்த்து, விறைப்பாக இழுத்துக் கட்டினான். சத்தம் நின்றது. அப்பாயி வடக்குப் பக்கம் போய், தார்ப்பாயை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.