மேகத்தைத் தேடி லாஸ் வேகாஸ் போனேன்

"ஏன் தம்பி, மேகத்தப் பத்திப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போறே? நம்ம தோட்டத்துல இல்லாத மேகமா?"

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் தாயார் இப்படித்தான் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் மரம் சீவியவர் அவர். வானம் இருண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அவருக்குத் தெரிந்த மேகக் கணக்கு அதுதான்.

வாசகர்களே, உங்களுக்கும் அதே சந்தேகம் எழலாம். வாருங்கள், உங்களையும் கூடவே அழைத்துப் போகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் அது. அந்தக் கணக்குகள் எங்கள் ஆபீசில் இருப்பதில்லை. பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்து வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வாடகைக் கணினிக்குத்தான் 'மேகக் கணினி' என்று பெயர். வானத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் தரையில்தான்! அமேசான் நிறுவனம் 2006இல் இந்தத் தொழிலில் இறங்கியது. சிங்கப்பூரில் 2010இலும், நம் மலேசியாவில் 2024 ஆகஸ்டிலும் தன் கணினிக் கூடங்களைத் திறந்தது. 2012 முதல் ஆண்டுதோறும் 'ரீ-இன்வென்ட்' என்ற மாநாட்டை அது நடத்தி வருகிறது. 2024 டிசம்பரில் என்னை அங்கே அனுப்பி வைத்தார்கள்.

போகும்போதே என் மனத்தில் ஒரு பாரம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, சம்பள நாளுக்கு முதல் நாள், ஒரு தொழிற்சாலையின் கணக்கு முழுவதும் அழிந்துபோயிற்று. இரவுதோறும் நகல் எடுத்து வைத்திருந்தோம். ஆனால் அந்த நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர் எங்களில் ஒருவருமில்லை. அன்று ஏற்றினால், பாதி வெற்றாக இருந்தது! தொழிலாளர்கள் மூன்று நாள் சம்பளமில்லாமல் காத்திருந்தார்கள். மூன்று நாள் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவறான கட்டளையைத் தட்டியவள் வேலைக்கு வந்து நான்கே மாதமான ஒரு பெண். எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டினார்கள். அந்த வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு மேலே இருந்த நான் வாய் திறக்கவில்லை.

லாஸ் வேகாஸ் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஊர். நமக்குக் காலை எட்டு மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை நான்கு மணி. டிசம்பர்க் காற்று குளிர்ந்து, உலர்ந்து, உதட்டை வெடிக்க வைக்கிறது. ஊருக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டிய ஹூவர் அணையின் ஏரியிலிருந்து வருகிறது. இரவெல்லாம் விளக்குகள், சூதாட்ட விடுதிகள்! மாநாட்டிற்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். நான்கைந்து கிலோமீட்டர் இடைவெளியில் பரந்து கிடக்கும் பல ஓட்டல்களில் கூட்டங்கள் நடந்தன. ஓட்டமும் நடையுமாக, பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். வெனீஷியன் ஓட்டலுக்குள் கால்வாய் வெட்டிப் படகு விட்டிருக்கிறார்கள். அதன் கூரையில் நீல வானமும் வெள்ளை மேகமும் தீட்டியிருக்கிறார்கள். அம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பெரிய சொற்பொழிவுகளைப் பிறகு யூடியூபில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால் சிறிய அறைகளில், ஒரு வெள்ளைப் பலகையின் முன்னே உட்கார்ந்து பேசும் கூட்டங்களைப் பதிவு செய்வதில்லை. அப்படி ஓர் அறையில் நான் எழுந்து எங்கள் கதையைச் சொன்னேன். "யார் செய்தது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஒரே கட்டளையில் எல்லாம் அழியும்படி ஏன் விட்டு வைத்தீர்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானிலேயே இப்படி நடந்திருக்கிறது. ஓர் ஊழியர் கட்டளையைத் தவறாகத் தட்டியதில், நினைத்ததைவிட அதிகமான கணினிகள் நின்றுபோயின. எத்தனையோ இணையத்தளங்கள் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தடுமாறின. நடந்ததை நிறுவனம் பகிரங்கமாக எழுதியது. ஊழியரின் பெயரை எழுதவில்லை. இனிக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே கணினிகளை நிறுத்த முடியாதபடி அந்தக் கருவியையே திருத்திவிட்டது.

வேலைத்திட்டத்தைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து வை, ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும் என்பதை அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் மேடையில் விளக்கினார். இது நமக்குப் புதிதா? ரப்பர் மரத்தில் வேர் நோய் கண்டால், சுற்றிலும் பள்ளம் வெட்டி அடுத்த மரத்தைக் காப்பாற்றியவர்கள்தானே நாம்!

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வேறு இடத்தில் வேலை பார்க்கிறாள். "தப்பு உன்னோடது மட்டும் இல்லம்மா, எங்க எல்லாரோடதும்தான்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது மாதந்தோறும் முதல் சனிக்கிழமை எங்கள் நகலைத் திரும்ப ஏற்றிப் பார்க்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எதையும் அழிக்க வேண்டுமானால் இன்னொருவரின் சம்மதமும் வேண்டும்.

கணினி படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? 2024இல் 2,099 அமெரிக்க டாலராக இருந்த கட்டணத்தைக் கட்டி லாஸ் வேகாஸ் போகத் தேவையில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கட்டணமில்லாமல் ஒருநாள் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கூட வேலை செய்கிறவர் மேல் எல்லாப் பழியும் விழும்போது வாய் மூடி நிற்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.