பெரிய எழுத்தும் பழைய ரவுட்டரும்

இம்முறை பாடநூலை விட்டுச் சற்று விலகிச் செல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை. பாலிடெக்னிக்கில் கணினி வலையமைப்புப் பயின்றுகொண்டிருந்த என் மகன், வீட்டிலேயே பயிற்சி செய்வதற்காக சிஸ்கோ 2600 வகையைச் சேர்ந்த பழைய ரவுட்டர்கள் இரண்டை வாங்கி வந்தான். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியவை. இரண்டும் 400 ரிங்கிட். "பழைய இரும்புக்கு இவ்வளவா?" என்றார் என் துணைவியார். எனக்கும் அதே எண்ணம்தான், வாய் திறக்கவில்லை.

ரவுட்டரை இயக்கும் மென்பொருளுக்கு ஐஓஎஸ் என்று பெயர். (ஆப்பிள் கைப்பேசியில் உள்ளது வேறு; பெயர் மட்டும் ஒன்று.) ஒரு ரவுட்டரில் இருந்தது 12.0 பதிப்பு. எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொடர்புமுறை அதில் இல்லை. பாடத்திட்டத்திலோ அது இருந்தது. ஆகவே புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். அம்மென்பொருள் இலவசமன்று, விரிவுரையாளர் முறையாகப் பெற்றுத் தந்திருந்தார்.

ரவுட்டரின் நினைவகமும் ஃபிளாஷ் கொள்ளளவும் புதிய கோப்புக்குப் போதுமா என்று அவன் முதலில் சரிபார்த்தான். போதும், ஆனால் பழையதும் புதியதும் ஒருங்கே தங்க இடமில்லை. கணினியில் டிஎஃப்டிபி மென்பொருளை இயக்கிவிட்டு, பழைய கோப்புக்கு ஒரு படி எடுத்து வைக்க வேண்டும் என்றான். "சோறு ஆறுகிறது, சீக்கிரம் முடி" என்று நான் விரட்டினேன். படி எடுக்காமலே ஏற்றத் தொடங்கினான். 'ஃபிளாஷை அழிக்கவா?' என்று திரை கேட்டது. அவன் தயங்கினான். குனிந்து 'எண்டர்' விசையை அழுத்தியவன் நான்தான்.

பாதி ஏறியிருக்கும். மாலையிலிருந்தே இடி இடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றது.

திரும்பி வந்தபோது ரவுட்டரில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 'ரோம்மான்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் திரையில் நின்றது. "ஏம்பா அவசரப்பட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அவன் தரையில் அமர்ந்துகொண்டான். மாணவர்களிடம் அன்றாடம் 'பொறுமை' என்று சொல்லும் எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

ரோம்மான் என்பது ஃபிளாஷைச் சாராமல் தனிச் சில்லில் இருக்கும் சிறு நிரல். அதன்வழி மீட்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நீலநிறக் கன்சோல் கம்பியில் எக்ஸ்மோடெம் முறையில் அனுப்புவது. நொடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஒரு மெகாபைட்டுக்கே கால் மணி நேரத்திற்கு மேலாகும். மற்றொன்று, வலையமைப்புக் கம்பியில் டிஎஃப்டிபி முறையில் அனுப்புவது. அதற்கு ரவுட்டரின் முகவரி, கோப்பின் பெயர் முதலிய ஐந்து விவரங்களைக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். பிழை. மீண்டும் கொடுத்தான். மீண்டும் பிழை. மணி பதினொன்று.

அச்சிட்ட குறிப்பை வாங்கிப் பார்த்தேன். பொருள் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கட்டுரை திருத்திய கண் அல்லவா? குறிப்பில் அவ்வைந்து பெயர்களும் பெரிய எழுத்தில் இருந்தன. அவன் தட்டச்சியவை எல்லாம் சிறிய எழுத்து. "இது தவறாகுமா?" என்று தயங்கியபடியே கேட்டேன். நம் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. 'கரை'க்கும் 'கறை'க்கும் திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளை அவன். நிமிர்ந்து பார்த்தான். ஐந்தையும் பெரிய எழுத்தில் தட்டினான்.

திரையில் வியப்புக்குறிகள் வரிசையாக ஓடத் தொடங்கின. ஒவ்வொரு குறியும் வந்து சேர்ந்த தரவின் அடையாளமாம். மாணவர் கட்டுரைகளில் தேவையற்ற வியப்புக்குறிகளைச் சிவப்பு மையால் அடிப்பவன் நான். அன்று அவற்றை எண்ணிக்கொண்டே நின்றேன். ரவுட்டர் உயிர்பெற்றதும் அவன் எழுதியிருந்த அமைப்புகள் அப்படியே இருந்தன. அவை என்விரேம் என்னும் வேறு நினைவகத்தில் பதிந்திருந்தன.

மறுநாள் இரண்டாவது ரவுட்டர். பழைய கோப்பைக் கணினிக்குப் படியெடுத்து, குறுவட்டில் பதிந்து, அதன்மேல் தேதி எழுதி என்னிடம் நீட்டினான். பிறகே அழித்தான். விசைப்பலகையிலிருந்து இரண்டடி தள்ளி என் நாற்காலியை அவனே போட்டிருந்தான்.