அம்மாவின் கைப்பையும் கோலாலம்பூரும்

2023 ஆவணியில் நானும் அம்மாவும் ஐந்து நாள் கோலாலம்பூருக்கு ஊர் பார்க்கப் போனோம். பெரியம்மாவின் மகள் அங்கே இருக்கிறா. ரிக்கற் காசும் அவதான் அனுப்பினா. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். பிள்ளையைத் தேடுகிற தாய் உல்லாசப் பயணம் போகிறாவாம் என்று இணுவிலில் இரண்டொருவர் கதைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முதல் எங்கள் வீட்டில் பயணம் என்றால் 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் தென்மராட்சிக்கு நடந்ததுதான். எனக்கு அப்போது ஏழு வயது.

அண்ணா வேலைக்காக வன்னிக்குப் போனவர். 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். 2009க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அம்மா வரமாட்டார் என்றே நினைத்தேன். கேட்டவுடன் "ஓம்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முதல் நாள் பாலத்தின் மேல் ஓடும் றெயிலில் ஏறினோம். சாரதி இல்லாமல் ஓடுகிறது என்று அக்கா சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்தவர் இறங்கும்வரை விடவில்லை. மற்றக் கையில் கைப்பை. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள்ளே! "இஞ்சை ஒருத்தரும் கேக்க மாட்டினம் அம்மா" என்றேன். "கேட்டால்?" என்றார். வாசிக்கும் சகோதரிகள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

இரட்டைக் கோபுரம் 452 மீற்றர் உயரம், 88 மாடி. எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். அம்மா கோபுரத்தைப் பார்க்கவில்லை. போகிற வருகிற பெடியன்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்துமலையில் 140 அடி முருகன் முன்னாலும் அப்படித்தான். 272 படியும் ஏறினார். ஆனால் படிக்குப் படி நின்றது களைப்பால் அல்ல.

பழைய றெயில் நிலையத்தில் மட்டும் கொஞ்சம் முகம் மலர்ந்தார். 1910இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம், அரண்மனை மாதிரிக் குமிழ்க் கோபுரங்கள். அம்மாவின் பாட்டனார் மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கல்வீடுகள் மலாயாப் பென்சனில் எழும்பியவை. "அப்பு இந்த வாசலாலைதான் போய் வந்திருப்பார் என்ன" என்றார்.

மூன்றாம் நாள் பிரிக்பீல்ட்ஸ். இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தேநீர் கொண்டுவந்தவரின் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. அம்மா கைப்பையைத் திறந்து, உறுதிக்கு அடியிலிருந்து அண்ணாவின் படத்தை எடுத்தார்.

"தம்பி, இவனை எங்கையும் கண்டிருக்கிறியே?"

போருக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் கொஞ்சப்பேர் மலேசியாவுக்கு வந்தது உண்மைதான். யாரோ அதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. 'உங்கள் பிள்ளையைக் கண்டேன்' என்று வருபவனை நம்பிக் காசு கொடுக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிபவள் நான். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, ஆளும் இல்லை, சாவும் இல்லை என்ற இந்தத் துயருக்கு போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களிலேயே தனிப் பெயர் கொடுத்தார் என்பதையும் படித்தவள். படித்து என்ன, என் அம்மா எதற்கு வந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.

"சும்மா கேட்டுப் பாத்தன் பிள்ளை. கேட்டால் என்ன குறையப் போகுது?" என்றார் அம்மா என்னைப் பார்க்காமல்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இல்லையம்மா." பிறகு, "நான் வந்து கனகாலம். மலேசியா அகதிகள் உடன்படிக்கையிலை கையெழுத்து வைக்கேல்லை. ஐநா அட்டை இருந்தாலும் ஒழிச்சு ஒழிச்சுத்தான் வேலை. ஊருக்கும் போகேலாது" என்றார். தன் தாய் முல்லைத்தீவில் இருப்பதாகச் சொன்னார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம், "தம்பியை ஒரு படம் எடு" என்றார். அவர் தலையை வாரிக்கொண்டு வந்து, சுவரோடு நிமிர்ந்து நின்றார். தேநீர்க் காசை வாங்கவே இல்லை.

மீதி இரண்டு நாளும் அம்மா கடை கடையாக ஏறி இறங்கினார். படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு நூல் சேலை தேடினார். நிறம் பிடிக்காமல் நாலைந்து கடை. அக்காவுக்கும் எனக்கும் கால் உளைந்துவிட்டது.

ஊர் வந்த இரண்டாம் கிழமை முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினோம். அந்தத் தாய் படத்தை வாங்கி, முதலில் கேட்டது, "சாப்பிடுறானோ அக்கா?"

"ஓம், நல்லாச் சாப்பிடுறான். எங்களுக்கும் தேத்தண்ணி தந்தவன்" என்றார் அம்மா. பிறகு கைப்பையைத் திறந்து அண்ணாவின் படத்தை எடுத்து அவருடைய மடியில் வைத்தார்.