நெரிசல் நேரமும் ஒரு நீல அட்டையும்

இலண்டன் மாநகருக்கு உறவினரைக் காணச் செல்வோர் அங்கு முதலிற் கற்க வேண்டியது நகரின் வரைபடத்தையன்று, அதன் கடிகாரத்தையே. வார நாட்களிற் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4.00 முதல் 7.00 வரையும் சுரங்கப் புகையிரதத்திற் கட்டணம் உயர்ந்திருக்கும். 2003 ஆம் ஆண்டு அறிமுகமான ‘ஒய்ஸ்ரர்’ என்னும் நீல அட்டை இந்த வேறுபாட்டை ஓசையின்றி நடைமுறைப்படுத்துகின்றது. நிலையத்தினுட் புகும்போது மஞ்சள் வட்டத்தில் அட்டையைத் தொடும் கணமே கட்டணம் எவ்வகையினது என்பதைத் தீர்மானித்துவிடும். வெளியேறும்போது மீண்டும் தொடுதல் வேண்டும். மறந்தவரிடம் உச்சத் தொகை அறவிடப்படும். மாலை நெரிசலிலும், வெளிவலயத்திலிருந்து நடுவலயத்துக்கு வருபவருக்குக் குறைந்த கட்டணமே. கூட்டம் எத்திசையிற் செல்கின்றது என்பதைக்கூட அட்டை அறிந்திருக்கின்றது!

நெரிசலுக்கு விலை குறிக்கும் இச்சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவிற் பிறந்த பொருளியலறிஞர் வில்லியம் விக்றி, நியூயோர்க் சுரங்கப் புகையிரதத்தில் நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாற வேண்டுமென 1952 இல் எழுதினார். அந்நகரம் அதனை ஏற்கவில்லை. இன்றும் அங்கு எந்நேரமும் ஒரே கட்டணந்தான். 1996 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாளில் அவர் மறைந்தார்.

விக்றியின் தருக்கம் எளிது. நெரிந்த பெட்டியில் ஏறும் ஒவ்வொருவரும் ஏனையோருக்கு ஓர் இடர்ப்பாட்டை விளைவிக்கின்றார். அதன் விலையை உணர்ந்தால், நேரத்தை மாற்றக்கூடியவர் மாற்றிக்கொள்வார். ‘மாற்றக்கூடியவர்’ என்ற சொல்லிலேதான் சிக்கல் இருக்கின்றது. நூதனசாலை பார்க்கச் செல்லும் விருந்தினர் பத்து மணிக்குப் புறப்படலாம். எட்டரைக்குக் கையொப்பமிட வேண்டிய எழுதுவினைஞருக்கு அத்தெரிவு ஏது? விலையை உயர்த்துவதால் அவருடைய வேலை நேரம் அசைவதில்லை. ஆகவே விருந்தினர் விலகி நிற்பது சிக்கனம் மாத்திரமன்று, உழைப்பவருக்கு இடம்விடும் பண்புமாகும். இதில் ஐயமில்லை. ஆயினும் அப்பண்பிற்கும் ஒரு விலை உண்டு என்பதை வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ஆறு வார இலண்டன் வாசம் காட்டிற்று.

அவர் வெம்பிளியில் மகளுடன் தங்கியிருந்தார். மகளுக்கு யூஸ்ரன் பகுதியில் வேலை. “ஒன்பதரை கழிய வெளிக்கிடுங்கோ அம்மா, நாலு மணிக்கு முன்னம் திரும்பிடுங்கோ” என்பது மகளின் கட்டளை. தாயும் அவ்வாறே செய்தார். இருக்கை கிடைத்தது, காசு மிஞ்சியது, பிரித்தானிய நூலகத்தின் காட்சிக்கூடத்தை ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. ஆனால், மகள் ஏழு மணிக்குப் போய், இருட்டிய பின்னரே களைத்து வருவாள். மலிவான நேரம் எல்லாம் மகள் இல்லாத நேரமாகவே இருந்தது. மூன்று வாரம் கழிந்தபின், ஐந்தாண்டு காத்திருந்து கடல் கடந்து வந்தது ஆளில்லாத பெட்டியில் அமர்வதற்கா என்று அவர் கேட்டார். மகளிடம் மறுமொழி இல்லை.

வழியைக் கண்டவர் தாயார்தாம். பஸ்ஸில் நெரிசல் நேரக் கட்டணம் என்று ஒன்றில்லை. ஏறும்போது ஒருமுறை தொட்டாற் போதும். எந்நேரமும் ஒரே தொகை. வெம்பிளியூடாகச் செல்லும் 18 ஆம் இலக்க பஸ் யூஸ்ரனிலேயே சென்று முடிகின்றது. பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். புகையிரதத்தை விட்டு அதில் ஏறுவதை அறிவுடைய எவரும் பரிந்துரையார். மகளும் முதலில் மறுத்தாள். பின்னர், வாரத்தில் இரண்டு நாள் விடியப்புறம் எழும்பி, இருவரும் மேற்றட்டின் முன்னிருக்கையில் அமர்ந்தனர். போத்தலில் தேநீர் இருந்தது. ஊரிலே யார் வீடு விற்றார்கள், யாருடைய கிணறு உவரானது, மகளுக்கு அவ்வேலை பிடித்திருக்கின்றதா என்பனவெல்லாம் ஹரோ வீதியின் சமிக்ஞை விளக்குகளுக்கிடையே பேசப்பட்டன. வேலை பிடிக்கவில்லை என்பதை மகள் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னாள்.

யூஸ்ரனில் மகள் இறங்கி நடந்த பின்னர், நூலகம் திறக்க இன்னும் நெடுநேரம் இருக்கும். தாயார் புகையிரத நிலையத்தின் மண்டபத்தில் அமர்ந்து, விரைந்து செல்லும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.